கேட்ட வாவியும் காணாத பறவைகளும்: ஜி. எம். ஹென்றியின் நீர்வர்ணங்களை முன்வைத்து ஒரு நோக்கு

மட்டக்களப்பு வாவி தமிழிலக்கியத்தினுட் செவிவழியாகவே புகுந்தது. பூரணை நிலவில் தோணியை நடுவாவியில் நிறுத்தி, துடுப்பை நீருள் ஊன்றி, அதன் மேல்முனையிற் காதை வைத்துக் கேட்கும் ‘பாடும் மீன்’களின் ஒலி, விபுலாநந்த அடிகளின் உள்ளத்தில் நீரரமகளிரின் இசையாக உருக்கொண்டது. 1947இல் வெளிவந்த ‘யாழ் நூல்’ அவ்விசையைத் தமிழர்தம் பண்டை இசை மரபோடு இணைத்து நோக்கியது. அதன் பின்னர் இப்பிரதேசத்தைப் பாட எடுத்துக்கொண்ட கவிஞர் பலரும் மீனிசையைத் தொடாது விட்டாரில்லை. ‘மீன்பாடும் தேனாடு’ என்பது இன்று மட்டக்களப்பின் மறுபெயராகவே வழங்குகின்றது.

ஆனால், ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீளத்துக்கு வடக்குத் தெற்காகக் கிடக்கும் இந்நீர்ப்பரப்பிற் செவிக்கு எட்டுவது ஒன்றெனின் கண்ணுக்கு எட்டுவன நூறு. மீன்பிடிக்கென நாட்டிய கம்புகள்தோறும் சிறகை விரித்து வெயில் காயும் நீர்க்காகங்கள். கண்ணாக்கள் அடர்ந்த சிறு தீவுகளில் மாலைதோறும் வந்தடையும் கொக்கினங்கள். படுவான்கரை வயல்களில் உழவு மாடுகளின் பின்னும் இன்று உழவு இயந்திரங்களின் பின்னும் ஒரே ஒழுங்கோடு நடக்கும் உண்ணிக்கொக்குகள். புரட்டாதி ஐப்பசியில் வடபுலத்திலிருந்து வந்து சித்திரையில் மீளும் உள்ளான்கள். நாள்தோறும் பாலங்களைக் கடந்து பணிக்கும் பாடசாலைக்கும் செல்வோர் இவற்றைக் காணாதிருத்தல் இயலாது. இருந்தும், இவ்வாவியின் பறவைகளை நேரிற் கண்டு, கரையில் இருந்து, தாளில் நீர்வர்ணத்தால் தீட்டிய தமிழ் ஓவிய மரபு ஒன்று உண்டா என வினவின் விடை சுருக்கமானது: இல்லை. நீண்ட காலமாகக் கேட்கப்பட்ட ஒரு வாவி ஏன் காணப்படாது போயிற்று என்பது ஓவியர்க்கு மாத்திரம் உரிய வினா அன்று. இலக்கிய மாணவர்க்கும் உரியது.

இவ்வினாவை எதிர்கொள்ளுமுன், இலங்கையிற் பறவைகளை உயிரோடு கண்டு தீட்டிய முயற்சியின் உச்சம் எதுவோ அதனை அறிதல் வேண்டும். அவ்வகையில் முதலில் நிற்கும் பெயர் ஜோர்ஜ் மொறிசன் றீட் ஹென்றி என்பதாகும். 1891இல் இலங்கையிலேயே, தேயிலைத் தோட்டச் சூழலிற் பிறந்த ஆங்கிலேயர் இவர். (விபுலாநந்தர் பிறந்ததற்கு ஓராண்டு முன்னர் என்பது தற்செயல்தான், எனினும் ஒரே தீவின் ஒரே தலைமுறையில் ஒருவர் காதையும் மற்றவர் கண்ணையும் தீட்டிக்கொண்டனர் என எண்ணுவதிற் சுவை உண்டு.) 1907இல் முத்துக்குளிப்புக் கம்பனியொன்றின் ஆய்வுகூட உதவியாளராகத் தொழில் தொடங்கி, 1910இற் கொழும்பு நூதனசாலையிற் படவரைஞராகச் சேர்ந்தார். 1913 முதல் அங்கேயே பூச்சியியற் பிரிவிற் பணியாற்றி 1946இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்றார், 1983இல் மறைந்தார். இவருடைய ‘இலங்கைப் பறவைகளின் வண்ணப் படங்கள்’ 1927 தொடக்கம் 1935 வரை நான்கு பகுதிகளாக, டபிள்யூ. ஈ. வெயிற்றின் விளக்கவுரையோடு வெளிவந்தது. எழுத்தும் படமும் தாமேயாக இவர் ஆக்கிய ‘இலங்கைப் பறவைகள்: ஒரு வழிகாட்டி’ 1955இல் ஒக்ஸ்போட் பல்கலைக்கழக அச்சகத்தின் வெளியீடாக வந்து, பின்னர் திருத்திய பதிப்புகளையும் கண்டது. இந்நாட்டிற் பறவை நோக்குவோர் பல தலைமுறையாகக் கையில் எடுத்துச் சென்ற நூல் அதுவே.

இவரை முன்னோடி எனல் பொருந்தாது. இவருக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன், 1752 முதல் 1757 வரை ஒல்லாந்த தேசாதிபதியாக இங்கிருந்த ஜோன் கிடியன் லோற்றனுக்காக, இலங்கையிற் பிறந்த பீற்றர் டி பெவர் என்பவர் பறவைகளையும் விலங்குகளையும் நீர்வர்ணத்தில் வரைந்தார். அப்படங்கள் ஐரோப்பா சென்று தோமஸ் பெனன்ற் முதலானோரின் நூல்களுக்கு மூலமாயின. இன்று ஒரு தேன்சிட்டு லோற்றனின் பெயரைத் தாங்குகின்றது. தீட்டியவனின் பெயரைத் தாங்கும் பறவை எதுவும் அவ்வளவு பரவலாக அறியப்படவில்லை. காலனித்துவ அறிவியலிற் கைக்கும் கட்டளைக்கும் இடையிலான உறவு எத்தகையது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. சென்னையில் 1801 முதல் 1807 வரை வாழ்ந்து அங்கேயே மறைந்த எலிசபெத் குவிலிம் என்னும் நீதிபதி மனைவியார், பறவை பிடிப்போர் உயிரோடு கொண்டுவந்த பறவைகளை முன்வைத்து, இயன்றவரை முழு அளவில் நீர்வர்ணத்தில் தீட்டினார். அவ்வோவியங்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மறக்கப்பட்டுக் கிடந்து, 1920களில் இலண்டனிற் கண்டெடுக்கப்பட்டு, இன்று கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் உள்ளன. அங்கும் பறவையைப் பிடித்து வந்தவனின் பெயர் இல்லை. அவனுக்கு அப்பறவையின் பெயர் தெரிந்திருக்கும். அதன் இரை தெரிந்திருக்கும். அது எந்த நேரத்தில் எந்த மடையில் இறங்கும் என்பதும் தெரிந்திருக்கும்.

இவ்விரு முயற்சிகளிலும் பறவை உயிரோடிருந்தது. ஆயின் சுதந்திரமாக இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலோ உயிரும் தேவையற்றதாயிற்று. 1868 முதல் 1877 வரை இலங்கையிற் பீரங்கிப் படை அதிகாரியாக இருந்த வின்சன்ற் லெக், 1878–1880 காலப்பகுதியில் வெளியிட்ட ‘இலங்கைப் பறவைகளின் வரலாறு’ இன்றும் மதிக்கத்தக்க பேரூழியம். அதன் படங்களை வரைந்தவர் அக்காலத்தின் தலைசிறந்த பறவைப் படவரைஞரான கியூலமன்ஸ். அவருக்கு முன்னால் இருந்தவை உரித்துப் பஞ்சடைத்த தோல்கள். இறகின் ஒழுங்கிலும் அளவிலும் அப்படங்களிற் குறை காணல் அரிது. ஆனால் அவை அனைத்திலும் ஒருவகை அமைதி உறைந்திருக்கின்றது. கிளையிற் கால் பதித்திருக்கின்றது, உடலின் பாரம் காலில் இறங்கவில்லை.

தோலைப் பார்த்துத் தீட்டுவதற்கும் உயிரைப் பார்த்துத் தீட்டுவதற்கும் உள்ள வேறுபாடு வெறும் உணர்ச்சி பற்றியதன்று. அது மெய்ம்மை பற்றியது. இறந்த பறவையின் இறகு தன் நிறத்தை நெடுங்காலம் காக்கும். இறகற்ற உறுப்புகளோ அவ்வாறல்ல. கண்ணின் நிறம் முதலிற் போகும். நூதனசாலைத் தோலிற் கண் இருக்கும் இடத்திற் பஞ்சே இருக்கும். அலகின் அடி, கண்ணைச் சூழ்ந்த வெறுந்தோல், கால், கூழைக்கடாவின் அலகுப்பை ஆகியன நாட்கணக்கில் மங்கிப் பழுப்பேறிவிடும். மஞ்சள் மூக்கு நாரையின் முகத்திலுள்ள செம்மஞ்சள் தோலை அலுமாரியிற் கிடக்கும் தோலில் எவரும் கண்டுகொள்ள முடியாது. கொக்கினங்களைப் பொறுத்தவரை இவ்விழப்பு இன்னும் பெரிது. இனப்பெருக்கக் காலத்திற் பெரிய கொக்கின் மஞ்சள் அலகு கறுக்கும்; கண்ணுக்கும் அலகுக்கும் இடைப்பட்ட தோலின் நிறம் சில கிழமைகளுக்கு மட்டும் மாறி மீளும். அச்சில கிழமைகளிற் கரையில் இருந்தவனே அதனைத் தீட்ட இயலும்.

ஹென்றியின் இடம் இந்தப் பின்னணியிலேயே விளங்கும். அவர் நூதனசாலையின் மனிதர். தோல்களின் நடுவே முப்பத்தாறு ஆண்டு வாழ்ந்தவர். வெட்டுக்கிளியின் காலிலுள்ள முட்களை எண்ணிப் பழகிய பூச்சியியலாளர். அதே வேளை இந்தத் தீவிற் பிறந்து வளர்ந்து, காட்டிலும் நீர்க்கரையிலும் பறவையைப் பறவையாகக் கண்டவர். இவ்விரு பயிற்சிகளும் அவரிடம் ஒன்றோடொன்று மல்லிட்டன. அம்மல்லாட்டமே அவர் ஓவியங்களின் வலிமையும் குறையும் எனலாம்.

வண்ணப் படங்களைக் காண்போர் முதலில் வியப்பது அவற்றின் நம்பகத்தன்மையை. பறவையின் நிற்கும் கோணம், கழுத்தின் வளைவு, வாலைப் பிடிக்கும் பாங்கு ஆகியன இனத்துக்கு இனம் வேறுபடுகின்றன. கியூலமன்ஸிடம் இவ்வேறுபாடு மெலிதாகவே உண்டு. இறகை எண்ணுவதன் மூலம் இதனை அடைய முடியாது. ஆயினும் வழிகாட்டி நூலின் படம் என்பது தனக்கென ஒரு சட்டத்தை உடைய கலைவடிவம். பக்கவாட்டுத் தோற்றம், எங்கும் ஒரே சீரான ஒளி, நிழலற்ற உடல், ஒரே பக்கத்திற் பல இனங்கள். உறவில்லாத பறவைகள் ஒரு கிளையில் அண்டை வீட்டாராக அமர்கின்றன. படத்தின் பணி ‘இது எது?’ என்ற வினாவுக்கு விடையளித்தல். ‘இது எப்போது, எங்கே, எந்த ஒளியில்?’ என்ற வினா அதற்கு இடையூறு. ஆகவே, அப்படங்களில் மாலை இல்லை, மழை இல்லை, காற்றும் இல்லை. மட்டக்களப்பு வாவியிற் காலை ஏழு மணிக்கு எதிரொளியில் நிற்கும் நீர்க்காகம் கறுப்பு நிழலுருவமேயன்றி வேறில்லை. வழிகாட்டிப் படத்திலோ அதன் ஒவ்வொரு இறகின் விளிம்பும் தெளிவாக இருக்கும். இரண்டும் உண்மையே. முன்னையது கண்ட உண்மை. பின்னையது அறிந்த உண்மை.

இதனாலேயே ஹென்றியின் வண்ணப் படங்களைவிட, வழிகாட்டி நூலின் உரைநடுவே வரும் கறுப்பு வெள்ளைக் கோட்டுச் சித்திரங்கள் கலைநோக்கில் உயர்ந்தவை எனக் கொள்வதற்கு இடமுண்டு. நிறத்தைச் சொல்லும் கடமை அவற்றுக்கு இல்லை. கடமை நீங்கிய இடத்திற் கோடு விடுதலை பெறுகின்றது. ஒரு சில கோடுகளில் இனத்தின் குணம் முழுவதும் வந்துவிடுகின்றது. நூலைப் பயன்படுத்துவோர் இவற்றைக் கடந்து வண்ணப் பக்கத்துக்கு விரைவர். விமர்சகன் அவ்வாறு விரைதல் ஆகாது.

இங்கு நீர்வர்ணம் என்னும் ஊடகம் பற்றியும் சிறிது கூறல் வேண்டும். நீர்வர்ணத்தில் வெண்மை என்பது தாளே. வெண்கொக்கைத் தீட்டுதல் என்பது கொக்கைத் தீட்டாது விடுதல்: சுற்றியுள்ள நீரையும் கண்ணாவின் இருளையும் தீட்டத் தீட்ட நடுவே எஞ்சும் தாளின் வெளியே கொக்காகின்றது. வெள்ளைக் கலவையைப் பூசி மீட்பதும் உண்டு; அது தளர்ந்தவனின் வழி. மறுதலையாக, மீன்கொத்தியின் நீலம் எந்தக் குழம்பிலும் இல்லை. அது சாயத்தால் ஆய நீலமன்று. இறகிழையின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறுவதால் எழுவது. வெயிலிற் பறக்கையில் எரியும் அந்நிறம் நிழலில் மங்கும். தாளிற் படியும் நீலமோ எக்கோணத்திலும் ஒன்றே. எனவே ஓவியன் நீலத்தைத் தேடாது, அதனைச் சூழும் பழுப்பையும் சாம்பலையும் தணித்து, இருக்கும் நீலத்தை எரியச் செய்யவேண்டும். இத்தகைய சிக்கல்களுக்கு வழிகாட்டிப் படத்தின் வெறும் வெள்ளைப் பின்னணி விடை தராது. வெண்கொக்கை வெண்டாளின் மீது வைத்து மெல்லிய சாம்பற் கோட்டால் வரம்பு கட்டும்போது, நீர்வர்ணத்தின் மிகப் பெரிய வளமே கைநழுவிப் போகின்றது.

இனி, இத்தகைய ‘கண்டு தீட்டல்’ நம் மரபுக்கு உரியதன்று என்ற கூற்றை எதிர்கொள்ள வேண்டும். இக்கூற்றுக்குப் பின்னால் மிகப் பெரிய பெயர் ஒன்று நிற்கின்றது. ஆனந்த குமாரசுவாமி, 1934இல் வெளியான ‘கலையில் இயற்கையின் உருமாற்றம்’ முதலிய நூல்களில், கீழைத்தேயக் கலைஞன் கண்முன் உள்ள பொருளைப் பார்த்துப் படியெடுப்பவன் அல்லன். தியானத்தில் உருவை நிறுவி, அதனையே புறத்தில் ஆக்குபவன் என நிறுவினார். கோயிற் சிற்பத்தின் அன்னமும் மயிலும் கிளியும், வாகனங்களின் கருடனும் இதற்குச் சான்றாகும். அவை எந்தக் குளத்திலும் எந்த மரத்திலும் கண்ட பறவைகள் அல்ல. அந்த அளவிற் குமாரசுவாமியின் கூற்று மறுக்கற்பாலதன்று. ஆயின், 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைமை தாங்கி, கல்லை நுணுகி நோக்குவதையே தொழிலாகக் கொண்டிருந்த ஒருவர், நோக்கலைக் கலையின் எல்லைக்கு அப்பால் வைத்தது விந்தையே.

அவர் கொள்கைக்கு இடர் தருவன இரண்டு. ஒன்று, சகாங்கீர் அவையின் ஓவியனான மன்சூர். 1612இற் கோவாவிலிருந்து கொணரப்பட்ட வான்கோழி போன்ற புதுப் பறவைகளைப் பேரரசனின் ஆணைப்படி நேரிற் கண்டு தீட்டியவன் அவன். அவனது பறவைகளில் நோக்கலும் தியானமும் பகையாக இல்லை. அதனை மொகலாய அவையின் சிறப்புச் சூழலால் விளைந்தது என ஒதுக்கலாம். அவ்வாறு ஒதுக்கவியலாத மற்றொன்று தமிழிலேயே உள்ளது.

குறுந்தொகையின் இருபத்தைந்தாம் பாட்டிற் கபிலர் காட்டும் குருகு தமிழ் மாணவர் எவர்க்கும் தெரிந்ததே. களவு மணத்துக்குச் சாட்சியாக நின்ற ஒரே உயிர் அது. அதுவும் ஓடுநீரில் ஆரலின் மேலேயே கண்ணாக இருந்தது. திறனாய்வாளர் பொதுவாக இப்பாட்டிற் பேசுவது தலைவியின் கையறு நிலையையும் அப்பறவையின் பாராமுகத்தையும். ஓவியனின் கண்ணோடு வாசிப்பவனை நிறுத்துவது அதன் காலுக்குக் கபிலர் தரும் உவமை. தினைப்பயிரின் தண்டு என்கிறார். மெலிவு மட்டும் கருதியிருந்தால் வேறு நூறு உவமைகள் கிடைத்திருக்கும். இங்கு பசுமையும் சேர்த்தே சொல்லப்படுகின்றது. சின்ன வெண்கொக்கின் கால் கறுப்பு, விரல் மஞ்சள். பெரிய கொக்கின் காலும் கறுப்பே. மங்கிய பச்சைக் காலோடு நீரோரத்தில் அசையாது குந்தியிருப்பது, இன்று மட்டக்களப்பு வயல்வரப்பெங்கும் காணப்படும் குருட்டுக் கொக்கு. கபிலர் கண்டது அதுவேதான் என்று அறுதியிட வேண்டியதில்லை. ஆனால் எதையோ கண்டே அவர் சொல்கின்றார் என்பதில் ஐயமில்லை. அந்தப் பசுமை, உரித்த தோலில் முதலில் மறையும் நிறங்களுள் ஒன்று. நூதனசாலையில் இருந்தவனுக்குக் கிட்டாத நிறம் ஈராயிரம் ஆண்டுக்கு முன் நீர்க்கரையில் நின்ற ஒருவனுக்குக் கிட்டிற்று. நாரையின் அலகைப் பிளந்த பனங்கிழங்கோடு ஒப்பிட்ட சத்திமுத்தப் புலவரும் இவ்வினத்தவரே: வடிவும் நிறமும் பிளவும் ஓர் உவமையில்.

ஆகவே தமிழ் மரபிற் பறவையைக் கண்ட கண் இருந்தது. அது சொல்லுக்குப் பணிபுரிந்தது, தூரிகைக்குப் பணிபுரியவில்லை. தஞ்சையில் இரண்டாம் சரபோசி மன்னர் 1798 முதல் 1832 வரையான தம் ஆட்சிக்காலத்தில் இயற்கைப் பொருள்களை ஓவியமாக்கச் செய்தபோது, அது அரண்மனைக்குள் தொடங்கி அரண்மனையோடு ஒடுங்கிற்று. ஈழத்திலோ அதுவும் நிகழவில்லை.

இதற்குக் காரணம் தேடுமிடத்து ‘தமிழர்க்கு இயற்கை ஈடுபாடு குறைவு’ என்பது போன்ற சோம்பலான விடைகளைத் தள்ளிவிடலாம். வாவியைப் பற்றிய அறிவு இப்பிரதேசத்தில் நிறைந்திருந்தது. ஆனால் அது இருந்த இடம் வேறு. வீச்சுவலை எறிபவன் ஆலாக்கள் வீழும் இடத்தைக் கண்டு மீனின் இருப்பை அறிவான். வயற்காவலில் இருப்பவன் இரவில் ஒலிக்கும் பறவையைக் குரலால் அறிவான். பண்டிதர் வீ. சி. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964இல் வெளிவந்தபோது, இம்மக்களின் சொல்வளமும் நாட்டார் பாடல்களும் அச்சேறின. சொல்லாக இருந்தவரை இவ்வறிவு பேணப்பட்டது. உருவாக இருந்தது பேணப்படவில்லை. ஏனெனில் தாளும் வர்ணமும் ஓய்வும் வேறொரு வர்க்கத்தின் கையில் இருந்தன. அந்த வர்க்கமோ கல்வியால் நகரை நோக்கித் திரும்பியிருந்தது. மட்டக்களப்பிலிருந்து இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதிய எஸ். வி. ஓ. சோமநாதர் ஆங்கிலத்திலேயே எழுதினார் என்பதும் இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது.

ஓவியக் கல்வியின் பங்கும் சிறிதன்று. 1938இல் எஸ். ஆர். கனகசபை யாழ்ப்பாணத்தில் நிறுவிய வின்சர் சித்திரக் கழகம் தமிழர் மத்தியில் நவீன ஓவியப் பயிற்சிக்கு வழிதிறந்தது. 1943இற் கொழும்பில் உருவான ‘43 குழு’ இந்நாட்டு ஓவியத்தை ஐரோப்பிய நவீனத்துவத்தோடு பொருதவைத்தது. முன்னையதன் நாட்டம் பெரிதும் நிலக்காட்சி, உருவப்படம் ஆகியவற்றிற் சென்றது. பின்னையதற்குப் பறவையைப் பறவையாகத் தீட்டுதல் நூதனசாலைக்காரரின் வேலையாகவே பட்டிருக்கும். ஹென்றி இருந்த கொழும்பும் 43 குழு இருந்த கொழும்பும் ஒன்றே. ஆயினும் அறிவியற் படம் ஒருபுறமும் ‘கலை’ மறுபுறமுமாகப் பிரிந்தபின், இரண்டுக்கும் இடையிலுள்ள வெளியில் நிற்க எவரும் இருக்கவில்லை. பாடசாலைச் சித்திரப் பாடத்திற் பிள்ளை வரையும் கொக்கு, அச்சிட்ட படத்தைப் பார்த்து ஆசிரியர் கரும்பலகையில் வரைந்த கொக்கு. யன்னலுக்கு வெளியே நிற்கும் கொக்கு அப்பாடத்துக்குள் வருவதில்லை.

பின்னர் போர் வந்தது. 1983 முதல் 2009 வரையான காலத்தில் வாவிக்கரையிற் தொலைநோக்கியும் குறிப்பேடுமாக ஒரு தமிழ் இளைஞன் மணிக்கணக்கில் அமர்ந்திருத்தல் இயல்பான செயலாகக் கொள்ளப்பட்டிருக்க முடியாது. பறவை வரைவதற்கு வேண்டிய முதற்பொருள் வர்ணமன்று. ஓரிடத்தில் அச்சமின்றி நெடுநேரம் இருக்கும் உரிமை. அவ்வுரிமை இல்லாதிருந்த ஒரு தலைமுறையிடம் ஏன் வரையவில்லை எனக் கேட்பது கொடுமை. அக்காலத்து மட்டக்களப்புக் கவிதையில் வாவி மீண்டும் மீண்டும் வருகின்றது. அதன் மீது பறப்பவை பறவைகளாக வருவது அரிதே. 2004 டிசம்பரின் ஆழிப்பேரலை கரையோர மக்களின் மனத்தில் நீரின் பொருளையே மாற்றிவிட்டது.

இன்று நிலைமை வேறு. விபுலாநந்தர் பெயராலேயே அழகியற் கற்கைகள் நிறுவகம் ஒன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் மட்டக்களப்பில் இயங்குகின்றது. அங்கு ஓவியம் பயில்வோர் உளர். மறுபுறம், பறவையை இனங்காட்டும் கடமையை ஒளிப்படம் முற்றாகவே ஏற்றுக்கொண்டுவிட்டது. ஹென்றி ஆண்டுக்கணக்காக உழைத்து வழங்கிய விபரத்தை இன்று நல்ல வில்லையொன்று கணத்தில் வழங்குகின்றது. இதனால் நீர்வர்ணத்துக்கு வேலை போயிற்று என எண்ணுவோர் உளர். மாறாக, வழிகாட்டிப் படத்தின் சட்டத்திலிருந்து அது விடுபட்டது எனக் கொள்வதே பொருத்தம். ஒளிப்படம் ஒரு கணத்தை எடுக்கின்றது. கரையில் இருந்து வரைபவனோ ஒரே பறவையின் பல கணங்களை ஒன்றாகக் கூட்டுகின்றான். அவன் ஒரு தாளில் ஐந்தாறு உருக்களைத் தொடங்குவான்; பறவை திரும்பினால் அடுத்த உருவுக்குச் செல்வான்; முன்னைய நிலைக்கு அது மீண்டால் விட்ட கோட்டைத் தொடர்வான். பறவைகள் தம் நிலைகளுக்கு மீள்கின்றன என்பதே இம்முறையின் அடிப்படை. முதலில் உடலின் அச்சு, பின்னர் பாரம் காலில் இறங்கும் இடம், பின்னரே அலகும் கண்ணும். இறகு கடைசி, பல வேளைகளில் இறகே வேண்டியதில்லை.

பிரித்தானிய ஓவியரான சாள்ஸ் ரனிக்ளிப் இதற்குத் தக்க முன்மாதிரி. 1947 முதல் 1979இல் இறக்கும்வரை அங்கிளசித் தீவில் ஒரு கழிமுகத்தின் கரையிலேயே அவர் வாழ்ந்தார். ஒருபுறம் இறந்து கிடைத்த பறவைகளை அளந்து, இறகு இறகாக வரைந்து வைத்தார். மறுபுறம் யன்னலுக்கு வெளியே உள்ளவற்றை நாள்தோறும் குறிப்பேட்டில் வரைந்தார். அளவு வரைபடங்கள் 1974இல் இலண்டன் றோயல் அக்கடமியிற் காட்சிக்கு வைக்கப்பட்டன. அறிந்த உண்மையையும் கண்ட உண்மையையும் அவர் ஒன்றுக்கொன்று பகையாக்கவில்லை. இரண்டையும் இரண்டு ஏடுகளில் வைத்திருந்தார். ஹென்றிக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஒரே ஏடு. அதிலும் அரசாங்கத்துக்கும் பதிப்பகத்துக்கும் வேண்டியதை முதலில் இடவேண்டியிருந்தது. இது அவர் மீதான குற்றச்சாட்டு அன்று. அவர் பணியின் எல்லை.

எனினும் அங்கிளசியின் முறையை அப்படியே இங்கு கொணர்தல் இயலாது. மட்டக்களப்பின் காற்றே வேறு. மாரியில், கார்த்திகை முதல் தை வரை, தாளில் இட்ட வர்ணம் காய மறுக்கும். ஒரு பூச்சின் மேல் மறுபூச்சு வைக்குமுன் பறவையும் பறந்துவிடும், மழையும் வந்துவிடும். ஆனால் வலசைப் பறவைகள் மிகுந்து நிற்பதும் அப்பருவத்திலேயே. கச்சான் வீசும் ஆனி ஆடியிலோ தூரிகை தாளைத் தொடுமுன்னரே நுனியில் நீர் வற்றும். மென்மையாகப் பரவவேண்டிய வானம் திட்டுத் திட்டாக உறையும். கச்சானில் நடுப்பகல் வாவிக்கு நிறமே இல்லை. வெண்சாம்பல் நீர், வெண்சாம்பல் வானம், இடையே கண்ணாவின் ஒரு கோடு. ஆங்கிலேய நீர்வர்ண மரபின் ஈரமான பச்சைகளைப் பயின்று வந்தவன் இங்கு திகைப்பான். இந்த ஒளிக்குரிய வர்ணத் தெரிவு எந்த நூலிலும் இல்லை. குருட்டுக் கொக்கு இவ்வொளியில் வரம்பின் மண்ணோடு மண்ணாக இருக்கும். காலடி நெருங்கியதும் எழும். எழுந்த கணம் முழுவெள்ளை. அமர்ந்தால் பழுப்பு, பறந்தால் வெள்ளை என்ற இவ்விரு உண்மைகளையும் ஒரே தாளில் எவ்வாறு கொணர்வது என்பது ஹென்றியின் நூல் விடுவிக்காத சிக்கல். வழிகாட்டி நூலுக்கு அது சிக்கலே அன்று. அமர்ந்தது ஒன்று, பறப்பது ஒன்று என இரண்டு படம் போட்டால் முடிந்தது.

ஹென்றியின் வழிகாட்டியைத் திறப்பவர், இனங்கள் பலவற்றிற்கு ஆங்கிலப் பெயரின் கீழ்ச் சிங்களப் பெயரும் தமிழ்ப் பெயரும் தரப்பட்டிருப்பதைக் காணலாம். தமிழ்ப் பெயர்கள் உரோம எழுத்தில் உள்ளன. அவை எவருடையோ வாயிலிருந்து கேட்டு எழுதப்பட்டவை. சில இன்றும் வழங்குவன, சில மறைந்துவிட்டன, சில ஒலிதிரிந்து அடையாளம் காணமுடியாதனவாகிவிட்டன. பொதுப்பட ஒரே பெயர் பல இனங்களுக்கும், ஒரே இனத்துக்கு மட்டக்களப்பில் ஒன்றும் மன்னாரில் ஒன்றும் யாழ்ப்பாணத்தில் ஒன்றும் வழங்குவதுண்டு. எப்பெயர் எப்பறவைக்கு என்பதை அகராதியாற் தீர்க்கமுடியாது. வலை வீசுபவனும் வயற்காரனும் பார்த்து ‘இது அதுதான்’ என ஒப்பும் உரு வேண்டும். அவ்வுரு, பக்கவாட்டில் ஒரே ஒளியில் நிற்பதாக இருந்தால் அவர்களுக்குப் பெரும்பாலும் பயன்படாது. அவர்கள் அப்பறவையை ஒருபோதும் அவ்வாறு கண்டதில்லை. எதிரொளியில், தூரத்தில், கம்பின் மேல், கச்சான் காற்றுக்கு முகங்கொடுத்து நிற்கும் உருவையே அவர்கள் அறிவர். பெயரைத் தமிழெழுத்துக்கு மீட்கும் பணியும் பறவையை அதன் ஒளியில் வைத்துத் தீட்டும் பணியும் அந்த இடத்தில் ஒரே பணியாகின்றன. அப்பணிக்கான தாள் இன்னும் வெள்ளையாகவே கிடக்கின்றது.